பொறுப்பாகப் போய் ஆமை பார்த்து வாருங்கள்

முதலில் கடைக்குப் போங்கள். பொறுப்புணர்ச்சி இப்போது அங்கேதான் விற்கிறது. பவளத்தைக் கொல்லாத சன்ஸ்கிரீன் ஒன்று. ஆக்சிபென்சோன் கலந்ததை விற்கக்கூடாது என்று ஹவாய் 2021-லேயே தடை போட்டுவிட்டது, நீங்கள் என்ன இளைத்தவரா? தண்ணீருக்கு அடியில் படம் பிடிக்கும் கேமரா ஒன்று. நெஞ்சில் ‘ஆமைகளைக் காப்போம்’ என்று அச்சடித்த பனியன் வீட்டில் தலைக்கு ஒன்று. அது பாலியெஸ்டர்தான், ஆமைக்குத் தெரியவா போகிறது. பிறகு கொழும்புக்கு விமானம், ஹிக்கடுவைக்கு வேன்.

ஸ்நோர்க்கெலிங் குழாயை வாயில் கவ்வுமுன் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். தொடாதே, துரத்தாதே, தீனி போடாதே, மூச்சு வாங்க மேலே வரும்போது குறுக்கே நிற்காதே. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். ஆனால் இதையெல்லாம் கடைப்பிடித்தால் ஆமையோடு தோள்சேர்ந்து படம் எடுக்க முடியாதே! ஆகவே அறிவுரையை வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டுத் தண்ணீரில் இறங்குகிறோம்.

ஹிக்கடுவையின் கடல் 2002-இலிருந்து தேசியப் பூங்கா. பூங்காவில் நடப்பது இது. முழங்கால் ஆழத்தில் ஒரு பேராமை. யாரோ நீட்டும் கடற்பாசிக் கொத்தை அலகால் பிடுங்குகிறது. ஒருவர் ஓட்டைத் தடவுகிறார், இன்னொருவர் முன்துடுப்பைப் பிடித்துக் கைகுலுக்கிப் பார்க்கிறார். மூச்சு வாங்கக் கழுத்தை நீட்டினால் தலைக்கு மேலே செல்ஃபி குச்சிகள் பந்தல் போட்டு நிற்கின்றன. அலறும் பிள்ளையை ஓட்டின் மேல் உட்கார வைக்கும் தகப்பன் தேற்றுகிறார்: “பயப்படாதடா கண்ணா, அது ஒண்ணும் பண்ணாது.” பண்ணாதுதான். பண்ணுகிறதெல்லாம் நாம்தானே. மனிதக் கைக்குப் பழகிய அந்த ஆமை நாளைக்குப் படகைப் பார்த்தாலும் தீனி என்று நினைத்துக் கிட்டே போகும். படகுக்கு அடியில் சுழல்வது பாசிக் கொத்து இல்லை.

மாலையில் கொஸ்கொடப் பக்கம் ஆமைப் பொரிப்பகம். நாட்டுச் சட்டப்படி ஆமை முட்டையைத் தோண்டி எடுப்பது குற்றம். அதனால் என்ன, சட்டத்துக்கும் நுழைவுச்சீட்டு உண்டு. பொரித்த குஞ்சுக்கு முதல் ஒருநாள் ஒரு வெறி இருக்கும். இருட்டோடு இருட்டாகக் கரையைத் தாண்டி, மீனுக்குத் தப்பி ஆழத்துக்கு ஓட இயற்கை கொடுத்தனுப்பிய பலம் அது. பல இடங்களில் அந்தப் பலத்தை சிமென்ட் தொட்டியின் சுவரில் முட்டியே தீர்க்கிறது குஞ்சு. ஏன்? சீட்டு வாங்கிய உங்கள் வேன் இன்னும் வந்து சேரவில்லை. வந்ததும் உங்கள் உள்ளங்கையில் ஒன்றை வைப்பார்கள். நீங்கள் கண் கலங்குவீர்கள். படமும் நன்றாக விழும்.

இரவு விடுதியில் உட்கார்ந்து, மீனவர்கள் பாலித்தீன் பையைக் கடலில் எறிவதைக் கண்டித்து நாலு வரி எழுதுங்கள். சந்தடிசாக்கில் எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற பெயரை மறந்துவிடுங்கள். 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே தீப்பிடித்து, அடுத்த மாதம் மூழ்கிய கப்பல். சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணையைக் கடலில் கொட்டியது. 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் நூறு கோடி டாலர் இழப்பீடு கட்டச் சொன்னபோது, செத்து ஒதுங்கிய ஆமைகளின் கணக்கும் வந்தது: 417. கட்ட முடியாது என்று கைவிரித்துவிட்டது கப்பல் நிறுவனம். கடலுக்குப் போகாதே என்று தடை வாங்கி, அடுப்பு எரியாமல் வீட்டில் கிடந்தவர்கள், நீங்கள் கண்டித்து எழுதிய அதே மீனவர்கள்.

பாசிக் கொத்து நீட்டிச் சில்லறை வாங்கும் பையனைப் பார்த்து “சுற்றுச்சூழல்னா என்னன்னு தெரியுமாடா?” என்று அதட்டினீர்களே, அந்தக் குரலில் பாதியையாவது கப்பல்காரரிடம் காட்டிப் பாருங்கள். முகவரி தேடி அலைய வேண்டாம். சிங்கப்பூர்தான். போன லீவுக்குக் குடும்பத்தோடு போய், “என்ன சுத்தம், என்ன சுத்தம்!” என்று வாய் பிளந்துவிட்டு வந்தீர்களே, அதே ஊர்.