கோடு தெரியும், இடம் தெரியாது

தமிழ்நாட்டின் அட்சப் பரவல் 8°4' வடக்கு முதல் 13°35' வடக்கு வரை. தீர்க்கப் பரவல் 76°18' கிழக்கு முதல் 80°20' கிழக்கு வரை. நடுராத்திரியில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் நம் பிள்ளைகள் இதை மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். அதே பிள்ளையிடம், "சரி கண்ணு, இப்போ நீ நிக்கிற இடம் இதுல எங்க?" என்று கேட்டுப் பாருங்கள், திருதிருவென்று விழிக்கும். நிற்கிற இடத்துக்கு மதிப்பெண் கிடையாது. பிள்ளை என்ன செய்யும்?

கல்வித்துறையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பூமியைப் பத்திரமாகப் பாதுகாப்பதில் அதற்கு நிகரே இல்லை. தலைமையாசிரியர் அறையில், கண்ணாடி பீரோவுக்குள், பாலித்தீன் உறைகூடப் பிரிக்கப்படாமல், இருபத்து மூன்றரைப் பாகை சாய்ந்தபடி உலக உருண்டை உட்கார்ந்திருக்கும். வெளியே எடுத்தால் பிள்ளைகள் சுற்றிப் பார்ப்பார்கள். சுற்றினால் உடையும். உடைந்தால் இருப்புப் பதிவேட்டுக்கு யார் பதில் சொல்வது? ஆய்வுக்கு அதிகாரி வருகிற அன்று மட்டும் பூமி மேசைக்கு வரும். அவர் காபி குடித்துக் கிளம்பியதும் மறுபடி பூட்டு.

வகுப்பறைக்கு வருவது வெற்று எல்லை வரைபடத் தாள்தான். குறுக்கும் நெடுக்கும் கோடுகளே இல்லாத தாளில் இடம் குறிக்கிற கலையை உலகுக்கு நாம்தான் கற்றுத்தர வேண்டும். "வயித்துக்கு நடுவுல கொஞ்சம் வலப்பக்கம் தள்ளிப் புள்ளி வை, அதான் நாக்பூர்" என்பார் டியூஷன் மாஸ்டர். பிள்ளையும் வைக்கும், மதிப்பெண்ணும் விழும். குத்துமதிப்பு என்பது நம் ஊரில் புவியியலின் இன்னொரு பெயர்.

இத்தனைக்கும் ஒவ்வொரு பையிலும் ஒரு ஜியோமெட்ரி பாக்ஸ் இருக்கிறது. அதில் ஒரு கோணமானி. அதன் நடுவில் ஒரு நூலைக் கட்டி, நுனியில் கல்லைத் தொங்கவிட்டு, இரவில் வடக்கே துருவ நட்சத்திரத்தைக் குறிபார்த்தால் போதும். அது அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ, ஏறக்குறைய அதுவே அந்த ஊரின் அட்சம். சென்னையில் 13, கன்னியாகுமரியில் 8. தெருவிளக்கு வெளிச்சத்தில் நட்சத்திரம் தெரியாது என்றால் பகலிலேயே பார்க்கலாம். மார்ச் 21ஐ ஒட்டி, நிழல் மிகக் குறுகும் நேரத்தில் பள்ளி மைதானத்தில் ஒரு கம்பை நட்டு, கம்பின் உச்சியிலிருந்து நிழலின் நுனிக்கு நூல் பிடிக்க வேண்டும். நூலுக்கும் கம்புக்கும் நடுவே உள்ள கோணம்தான் விடை. செலவு ஒரு முழ நூல். ஆனால் கோணமானி கணக்குப் பாடத்தின் சொத்து. சமூக அறிவியல் பீரியடில் அதை வெளியே எடுத்தால் அது எல்லை தாண்டிய குற்றம்.

தீர்க்கக்கோட்டுக்கு ஒரு மிர்சாபூர். இந்தியத் திட்ட நேரத்துக்கு அடிப்படையான 82°30' அந்த ஊரை ஒட்டிப் போகிறது என்பது ஒரு மதிப்பெண் கேள்வி. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்பது இன்னொரு ஒரு மதிப்பெண். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எவரும் சொல்வதில்லை. சேர்த்துப் பார்த்தால், சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தின் பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஆண்டுச் சராசரியில் சுமார் ஒன்பது நிமிடம் கழித்து என்பதைப் பிள்ளையே கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்தால் அடுத்த கேள்வி கேட்கும். அந்த வம்பு எதற்கு?

இந்தியாவை அளக்கிற மகத்தான வேலையை வில்லியம் லாம்டன் 1802இல் தொடங்கிய இடம் பரங்கிமலை அடிவாரம். அங்கே போட்ட அடிக்கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக நாடு அளக்கப்பட்டது. கோயில் கோபுரங்களெல்லாம் அளவைக்குப் பயன்பட்டன. 1808இல் அவருடைய அரை டன் கோணமானிக் கருவி தஞ்சைப் பெரிய கோயிலில் மேலே ஏற்றும்போது மோதி நசுங்கியது. இந்தியத் திட்ட நேரம் 1906இல் வருவதற்கு முன்பு ரயில்கள் ஓடியதே நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் மதராஸ் நேரப்படிதான். இன்று பரங்கிமலை அடிவாரத்துப் பிள்ளை மிர்சாபூர், மிர்சாபூர் என்று உருப்போடுகிறது.

பிள்ளைகளுக்கு வரைபடம் பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். வரைபடத்தைப் பார்த்து மிரண்டது அரசு. கடற்கரையையும் எல்லையையும் ஒட்டிய ஊர்களின் விரிவான வரைபடங்கள் நெடுங்காலம் தடைசெய்யப்பட்டவை. ராமேஸ்வரத்துக்காரனுக்குத் தன் ஊர் மேப் ராணுவ ரகசியம்! 2005இல் கொஞ்சம் கதவு திறந்தது. 2016இல் ஒரு மசோதா வரைவு வந்தது. அனுமதி வாங்காமல் இடத் தகவல் சேகரித்தால் 100 கோடி ரூபாய் வரை அபராதம், ஏழு ஆண்டு வரை சிறை. சோறு எங்கே நன்றாக இருக்கும் என்று போனில் புள்ளி வைக்கிறவனெல்லாம் உள்ளே போகவேண்டியது. நல்லவேளை, அது சட்டமாகவில்லை. 2021இல்தான் விதிகளைத் தளர்த்தினார்கள்.

இனி கடலுக்கு வருவோம். 1974 ஜூனில் கையெழுத்தான இந்திய-இலங்கை ஒப்பந்தம் பாக் நீரிணையை ஆறு புள்ளிகளால் பிரித்தது. அவற்றில் ஒன்று 9°21.80' வடக்கு, 79°30.70' கிழக்கு. கச்சத்தீவின் மேற்குக் கரையிலிருந்து சுமார் ஒரு மைலில் எல்லை ஓடுகிறது. ஒரு மனிதன் இரவு வீட்டுக்கு வருவானா, யாழ்ப்பாணச் சிறைக்குப் போவானா என்பதை இந்த எண்கள் தீர்மானிக்கின்றன. பாம்பனில் அந்த மனிதனின் மகள் தமிழ்நாட்டின் அட்சப் பரவலை இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதிக்கொண்டிருக்கிறாள்.

அவள் பாடப்புத்தகம் பாகை, நிமிடம், விநாடி என்கிறது. அப்பாவின் ஜிபிஎஸ் பாகையும் நிமிடமும் காட்டி, நிமிடத்துக்குப் பின் புள்ளி வைக்கிறது. அண்ணனின் போன் பாகைக்கே புள்ளி வைக்கிறது. போனில் 9.21 என்றால் 9°21' அல்ல, 9°12.6'. ஒரு அட்ச நிமிடம் ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். ஒரு புள்ளியைத் தப்பாகப் படித்தால் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் பிசகும். அந்தக் கடலில் அது வேறு நாடு. இதைச் சொல்லித்தர ஒரு பீரியட் போதும். அந்த பீரியடில்தான் 'முக்கிய வினாக்கள்' எழுதிப் போடுகிறார்கள்.

எல்லாரும் வழி தெரியாமல்தான் தாண்டினார்கள் என்று நான் புளுகப் போவதில்லை. மீன் அந்தப் பக்கம் இருக்கிறது, முதலாளியின் இழுவைமடி அந்தப் பக்கம் போகச் சொல்கிறது. அங்கே வலை அறுபட்டு நிற்கிறவனும் தமிழ் பேசுகிற மீனவன்தான். கேவலம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கைதுக்குப் பிறகும் வருகிற செய்தியைப் படியுங்கள். ஒரு தரப்பு "எல்லை தாண்டி வந்தார்கள்" என்னும். மறு தரப்பு "எல்லைக்குள் மீன்பிடித்துக்கொண்டிருந்தவர்கள்" என்னும். செய்தியில் பெரும்பாலும் "நெடுந்தீவு அருகே" என்றுதான் இருக்கும். அருகே என்றால் எங்கே? இரண்டு எண்ணைச் சொன்னால் விவகாரம் ஒரு வரியில் முடிந்துவிடும். முடிந்துவிட்டால் கடிதம் எழுதுவது எப்படி, கச்சத்தீவை மீட்பேன் என்று தேர்தலுக்குத் தேர்தல் மைக் பிடிப்பது எப்படி? மீட்கப் புறப்பட்ட மாவீரர்களில் எத்தனை பேர் அந்தத் தீவை வரைபடத்தில் தொட்டுக் காட்டுவார்கள் என்று தொலைக்காட்சியில் ஒரு போட்டி வைக்கலாம். ஆனால் நடுவராக உட்கார ஆள் கிடைக்க வேண்டும்.

ஆகவே சொல்கிறேன், ஒப்பிக்க மட்டும் கற்றுக்கொடுப்பது சோம்பலால் நேர்ந்த பிழை என்று நம்ப எனக்கு மனமில்லை. அட்சமும் தீர்க்கமும் பயன்படுத்தத் தெரிந்த வகுப்பு பல பேருக்குத் தொல்லை. கல்குவாரிக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கேட்கும் விண்ணப்பத்தைப் பாருங்கள். குத்தகை நிலத்தின் மூலைகள் அட்சம், தீர்க்கத்தோடு அதில் அச்சாகியிருக்கும். ஒரு எட்டாம் வகுப்பு ஆசிரியர் அந்தத் தாளைப் பிரதி எடுத்து, போனும் கையுமாகப் பிள்ளைகளைக் குவாரி ஓரம் கூட்டிப் போகிறார் என்று வையுங்கள். "நாலாவது மூலை இங்கதான் சார் வருது, ஆனா பள்ளம் அந்தாண்டயும் போகுதே!" என்று ஒரு பையன் கத்துவான். அவனுக்கு இதைவிட நல்ல செய்முறை வகுப்பு எந்த நாட்டிலும் கிடைக்காது. மறு வாரமே ஆசிரியருக்கு 'நிர்வாக நலன் கருதி' மாறுதல் உத்தரவு வரும். போகவேண்டிய பள்ளி, ஒன்றியம், மாவட்டம் எல்லாம் அதில் ஒரு பிசகு இல்லாமல் குறிக்கப்பட்டிருக்கும்.