விரல் உரசும் ஓசை

ஊரப்பாக்கத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன். மேடையோரம் இரண்டு கீபோர்டுக்காரர்கள். மூத்தவர் 2023இல் வந்த யமஹா ஜெனோஸ்2 கட்சி, இளையவர் கோர்க் பிஏ5எக்ஸ் கட்சி.

"தம்பி, நம்ம சாக்ஸபோன்ல மூச்சு விடுறது கேக்குது பாரு."

"எங்க கிட்டார்ல கம்பி உரசுறதே கேக்கும்ண்ணே!"

கிட்டார்காரர் வாழ்நாளெல்லாம் மறைக்கப் பாடுபடும் உரசல். அதற்கு இவர்கள் லட்சங்களில் கொடுத்திருக்கிறார்கள்.

வித்தியாசமே இல்லை என்று சொல்லமாட்டேன். யமஹாவின் சூப்பர் ஆர்டிகுலேஷன், விரல் கட்டையை அழுத்தும் வேகத்தையும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கும் விதத்தையும் கவனித்து, அதற்கேற்ற ஒலிப்பதிவை எடுத்துக் கோக்கிறது. நல்ல ஹெட்போனில் கேட்டால் சிலிர்க்கும். மண்டபத்தில் அந்த மூச்சு மிக்சருக்குள் போய், எக்கோவில் குளித்து, வாடகை ஸ்பீக்கர் வழியே இடியாக வெளியே வருகிறது. மிச்சத்தை ஜிஎஸ்டி சாலை ஹாரன் பார்த்துக்கொள்கிறது. பந்தியில் இருப்பவருக்கோ எல்லாம் ஒரே "மியூசிக்"தான்; அவர் கவலை ரசம்.

இவ்வளவு விலை கொடுத்தும் கமகம் வேண்டுமென்றால் இடது கையால் பிட்ச் பெண்டை ஆட்டித்தான் ஆகவேண்டும்.

மறுநாள் காலை முகூர்த்தத்துக்கு வாசித்த நாதஸ்வரக்காரர் மைக்கே கேட்கவில்லை.