ஸ்கொலசிப் அப்பா

பதுளை டவுனில் பிள்ளை அஞ்சாம் ஆண்டுக்கு ஏறிய அன்றே சிலர் ஒருமையில் பேசுவதை நிறுத்திவிடுவார்கள். "இந்த வருஷம் நாங்க ஸ்கொலசிப் எழுதுறோம்." எழுதப்போகிறவள் பத்து வயது மகள்தான். ஆனால் கந்தோர் மேசை லாச்சியில் மொடல் பேப்பர் அடுக்கியிருப்பவர், நுண்ணறிவுக் கேள்வியில் அடுத்த வடிவம் முக்கோணமா சதுரமா என்று பகல் சாப்பாட்டு நேரத்தில் பியோனோடு சண்டை பிடிப்பவர், கதிர்காமத்துக்கு நேர்ந்திருப்பவர் எல்லாம் அப்பாதான்.

மகளுக்கு மூன்று கிளாஸ். கிழமை நாளில் டவுனில் ஒருவர், சனிக்கிழமை பண்டாரவளையில் ஒருவர், ஞாயிறு காலையில் இன்னொருவர். அந்த மூன்றாவது சேருடைய பெயரை மட்டும் கேட்டுவிடாதீர்கள்; வங்கி அட்டையின் இரகசிய இலக்கத்தைக்கூடச் சொல்லிவிடுவார். பரீட்சைக்குச் சில நாள் முன்பு, இன்ன நள்ளிரவோடு வகுப்புகள் நிற்க வேண்டும் என்று பரீட்சைத் திணைக்களம் வருஷாவருஷம் அறிவிக்கும். அதை அவர் ஒழுங்காகப் படித்தவர். நள்ளிரவு என்றால் பதினொன்று ஐம்பத்தொன்பது வரை நேரம் இருக்கிறது.

இலவசக் கல்வியின் தந்தை கன்னங்கராவைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் தேத்தண்ணி ஆறிவிடும். 1940களில் இலவசக் கல்வியும் மத்திய கல்லூரிகளும் வந்த காலத்தில், கிராமத்து ஏழைப் பிள்ளையைத் தூக்கிவிடத்தான் இந்தப் பரீட்சை என்று கண் கலங்கச் சொல்வார். சொன்ன கையோடு மூன்று கிளாஸ் காசையும் எண்ணி வைப்பார். கெட்டவர் இல்லை; திறமையை உண்மையாகவே நம்புகிறவர். திறமைக்குச் சனிக்கிழமைகளில் த்ரீவீல் பிடித்துக் கொடுப்பது தகப்பன் கடமை என்றும் நம்புகிறவர்.

முதலாம் ஆண்டிலேயே பெரிய பாடசாலைக்கு முயன்று பார்த்தார். வீடு பக்கத்தில் இருப்பதை நிரூபிக்க உறுதி, வாக்காளர் இடாப்பு, கரண்ட் பில் எல்லாம் கோப்புப் போட்டார். இன்னும் பக்கத்தில் இருந்த வீடொன்று முந்திக்கொண்டது. "அநியாயம்" என்று இன்றைக்கும் சொல்வார். நமுனுகுலப் பக்கம் லயத்துக் காம்பிராவில் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்களுக்கு அந்த அநியாயத்தைக்கூட அனுபவிக்க வழியில்லை. உறுதி என்ற கடதாசியே கையில் கிடையாது. 1970களில் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பெடுத்தது. பெயர்ப்பலகை சீக்கிரம் வந்தது. கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர்கள் பின்னால் வந்துகொண்டிருக்கிறார்கள், சிலர் இன்னமும்.

மகள் எழுதிய 2024இல் மூன்று கேள்விகள் முன்கூட்டியே வெளியாகி, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் அந்த மூன்றுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி. அவருக்கு மனமே ஆறவில்லை. "எங்க புள்ள மூணையும் சரியாத்தானே எழுதினா! சும்மா இருந்ததுக்கும் அதே புள்ளியா?"

பெறுபேறு வந்த கிழமை, போட்டோகொப்பிக் கடையில் தோட்டத்து அம்மா ஒருவர் நின்றார். அன்றைய பேரை, அதாவது 1,350 ரூபா நாள் சம்பளத்தை, விட்டு வந்திருந்தார்.

"மகனுக்கு எத்தனை?"

"நூத்தி அம்பத்தொண்ணுங்க சேர்."

மகளைவிட ஒன்பது கூட. அப்பா கொஞ்சம் யோசித்தார். "தோட்டத்துக்குத் தனி வெட்டுப்புள்ளியா இருக்கும்."

"இல்லண்ணே," என்றான் கடைப் பையன், இயந்திரத்திலிருந்து தலையை எடுக்காமலே. "மாவட்டத்துக்கும் மொழிக்கும்தான் வேற வேற. தோட்டத்துக்குன்னு ஒண்ணுமில்ல."

"ஹொஸ்டல் கிடைக்கிறது கஷ்டம். மொத பஸ் எத்தனைக்கு?"

"அஞ்சே காலுக்குங்க. நான் பெரட்டுக்குப் போயிருவேன், பெரியவ ஏத்தி விடுவா."

"சின்னப் புள்ளைய ஏன் அலைய விடுறீங்க? பக்கத்துலயே ஒரு ஸ்கூலாப் பாத்துப் போடுங்க."

அக்கறைதான். இரண்டு பேரும் முதல் விருப்பமாகப் போட்டிருந்தது ஒரே பாடசாலை என்பது தற்செயல்.

"எந்த சேர்கிட்ட கிளாஸ் விட்டீங்க?"

"கிளாஸெல்லாம் இல்லைங்க. ஸ்கூல் டீச்சர்தான் பள்ளிக்கூடம் விட்டதும் அஞ்சு மணி வரைக்கும் வச்சிச் சொல்லிக் குடுத்தாங்க. காசு ஒண்ணும் வாங்கல."

அப்பா பேனாவை எடுத்தார். இளையவன் இந்த வருஷம் மூன்றாம் ஆண்டு.

"அந்த டீச்சரோட போன் நம்பர் இருக்கா? சனி ஞாயிறுல டவுனுக்கு வந்து போவாங்களா?"