ஊசி நூலில் ஒரு மாடி வீடு: கேள்வி - பதில்

கே: துணியில் கிராஸ் ஸ்டிச் போட்டு அட்டையில் ஒட்டினாலே வீடு நிற்குமே. பிளாஸ்டிக் கேன்வாஸுக்கு ஏன் தனிச் செலவு? (வாசகி, கரூர்)

ப: நிற்கும். மூலையில் பசை தெரியும், மழைக்காலத்தில் அட்டை உப்பும். பிளாஸ்டிக் கேன்வாஸ் கட்டம் கட்டமாய்த் துளையுள்ள பிளாஸ்டிக் தாள், தானாகவே விறைப்பாக நிற்கும். வெட்டினால் இழை பிரியாது. ஓரத்தோடு ஓரம் வைத்து நூலாலேயே மூட்டிவிடலாம். தைக்கும்போது வட்டச் சட்டமும் தேவையில்லை. செலவு தாளில் கூடி மற்றதில் குறைகிறது.

கே: கடையில் 7 கவுண்டா, 14 கவுண்டா என்று கேட்கிறார்கள். பயந்து திரும்பி வந்துவிட்டேன். (வாசகி, திண்டுக்கல்)

ப: ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்றுதான் கேட்கிறார்கள், மிரட்டவில்லை. 7 என்றால் கம்பளி நூல், 16-ஆம் நம்பர் ஊசி. 14 என்றால் எம்ப்ராய்டரி நூல், 24-ஆம் நம்பர் ஊசி. இரண்டு ஊசிக்கும் முனை மழுங்கியிருக்க வேண்டும். ஜன்னலுக்குக் கம்பி, வாசலில் பூந்தொட்டி என்றெல்லாம் ஆசை இருந்தால் 14. வெறும் சுவரும் கூரையும் போதுமென்றால் 7.

கே: ஒரு வீட்டுக்கு எத்தனை தையல் ஆகும்? எண்ணியே ஆக வேண்டும் என்கிறார் கணவர். (வாசகி, ஈரோடு)

ப: அவருக்காகவே ஒரு கணக்கு. 14 கவுண்டில் நீளச் சுவர் இரண்டு, ஒவ்வொன்றும் 56 × 42. அதாவது நாலு அங்குல நீளம், மூன்று அங்குல உயரம். பக்கச் சுவர் இரண்டு, 48 × 42, அதன் தலையில் 18 உயரத்துக்கு முக்கோணம். கூரைக்கு 62 × 34-இல் இரண்டு துண்டு. மொத்தம் 13,816. அதே அளவு வீட்டை 7 கவுண்டில் போட்டால் இதில் கால்பங்குதான். கணவரிடம் முதல் எண்ணை மட்டும் சொல்லுங்கள், மரியாதை கூடும்.

கே: சரியாக எண்ணித்தான் வெட்டினேன். ஓரம் கட்டும்போது கடைசித் தையலுக்கு இடமே இல்லை. (வாசகி, நாகர்கோவில்)

ப: எண்ணியது சரி, எதை எண்ணினீர்கள் என்பதில்தான் வழக்கு. ஒரு தையல் உட்காருவது இரண்டு கம்பிகள் குறுக்கிடும் இடத்தில். ஊசி போய் வருவது அதைச் சுற்றியுள்ள துளைகளில். ஆகவே 48 தையலுக்கு 49 துளை வேண்டும். அந்த 49-க்கும் வெளியே, இரு பக்கமும் ஒவ்வொரு கம்பி மிச்சம் இருக்க வேண்டும். ஓரம் கட்டுவதும் சுவரைச் சுவரோடு மூட்டுவதும் அந்தக் கம்பியைச் சுற்றித்தான். கத்தரிக்கோலைக் கம்பியின் மேல் வைக்காதீர்கள், அதற்கு அடுத்த துளைகளின் நடுவே ஓட்டுங்கள்.

வெட்டி முடித்ததும் ஓரத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். குட்டிக் குட்டி முட்களாய்த் துருத்தும். அதை விட்டால் ஒவ்வொரு இழுப்பிலும் நூல் மாட்டி, பாதி வீடு முடிவதற்குள் பஞ்சாகிவிடும். நகவெட்டியால் ஒட்ட நறுக்கிவிடுங்கள். கத்தரிக்கோலைவிட அதற்குத்தான் இந்த வேலை வாய்க்கும். ஜன்னலுக்குத் திறப்பு வேண்டுமென்றால் அதையும் தைப்பதற்கு முன்பே வெட்டிவிடுங்கள்.

கே: வாஸ்து பார்க்க வேண்டுமா?

ப: வேண்டாம். வாசல் எந்தத் திசை வேண்டுமோ அந்தத் திசைக்கு வீட்டையே திருப்பி வைக்கலாம். இந்த வசதி வேறு எந்த வீட்டிலும் கிடையாது.

கே: சுவரெல்லாம் அழகாக வந்தது. கூரை மட்டும் சேரவே மாட்டேன் என்கிறது, நடுவில் ஒரு இடைவெளி. நூலை இழுத்துக் கட்டியும் பயனில்லை. (வாசகி, தஞ்சாவூர்)

ப: இழுக்காதீர்கள், சுவர்தான் வளையும். உங்கள் பக்கச் சுவரின் அகலம் 48 என்று வைத்துக்கொள்வோம். முகடு நடுவில், ஆக இந்தப் பக்கம் 24, அந்தப் பக்கம் 24. கூரையையும் அதே 24-க்கு வெட்டியிருப்பீர்கள். ஆனால் கூரை தட்டையாகப் படுக்கவில்லை, சாய்ந்து ஏறுகிறது. பள்ளிக்கூடத்தில் நம்மைப் படுத்திய பிதாகரஸ் இங்கே உதவிக்கு வருகிறார்: அடி 24, உயரம் 18 என்றால் சாய்வு 30. முக்கோணத்துக்கு 18 என்று மேலே சொன்னது இந்த முழு எண்ணுக்காகத்தான். உயரத்தையும் 24 ஆக்கினால் சாய்வு ஏறத்தாழ 34 ஆகும். எதுவானாலும் அதற்கு மேல் நாலு வரிசை விடுங்கள், இறவாரம் நீட்ட. 30-உம் நாலும் 34.

அடுத்த சிக்கல், முக்கோணத்தின் சாய்ந்த ஓரம். கட்டம் போட்ட தாளில் சாய்வாக வெட்ட முடியாது, படிப்படியாகத்தான் வெட்ட வேண்டும். நாலு தையல் உள்ளே போனால் மூன்று தையல் மேலே ஏறியிருக்க வேண்டும். அந்தப் படிகளின் துளையும் கூரையின் துளையும் ஒன்றுக்கொன்று நேர்படாது. அங்கே மூட்டப் போனவர்கள் எல்லோரும் கோணல் கூரையோடு திரும்பியிருக்கிறார்கள். படிகளின் ஓரத்தை மட்டும் நூலால் சுற்றிவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். கூரையைப் பக்கத்துக்கு மூன்று தையல் வெளியே நீட்டினால் அவை மறைந்துவிடும். 56 நீளச் சுவருக்கு 62 நீளக் கூரை சொன்னது அதனால்தான். கூரைத் துண்டு இரண்டையும் முகட்டில் மட்டும் மூட்டி, சுவர்மேல் கவிழ்த்து வையுங்கள். முகட்டிலிருந்து 30-ஆவது வரிசையில் ஒரு நீளச் சுவரோடு மட்டும் பிடித்துத் தைத்தால் மூடிபோல் திறக்கும், உள்ளே மாத்திரைப் பட்டையோ மிச்ச நூலோ வைக்கலாம்.

கே: நாலு சுவருக்கும் ஒரே கண்டு நூல்தான். ஒரு சுவர் மட்டும் வேறு நிறமாகத் தெரிகிறதே, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (வாசகி, மதுரை)

ப: கடைக்காரர் நிரபராதி. அந்தச் சுவரைத் தைக்கும்போது வசதிக்காகத் தாளைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்திருப்பீர்கள். கிராஸின் மேல்தையல் மற்ற சுவர்களில் வலப்பக்கம் சாய, இதில் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். பருத்தி நூலில் மினுமினுப்பு உண்டு. சாயும் திசை மாறினால் வெளிச்சம் படும் விதம் மாறும், நிறமே மாறியதுபோல் தெரியும். தட்டைப் படத்தில் இது கண்ணில் படாமல் போகலாம், வீட்டின் மூலையில் இரண்டு சுவரும் சந்திக்கிற இடத்தில் காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு துண்டின் மேல் ஓரத்திலும் வெட்டுவதற்கு முன்பே ஒரு வண்ண நூலை முடிந்து வையுங்கள். அது எப்போதும் மேலே இருக்கட்டும்.

கே: தையலுக்கு இடையில் பிளாஸ்டிக் பல்லிளிக்கிறது. (வாசகர், சேலம்)

ப: 14 கவுண்ட் துணியில் இரண்டு இழை போதும், பிளாஸ்டிக்குக்கு மூன்று போடுங்கள். ஓரம் கட்ட ஆறு இழையும். வெளி மூலையில் ஒரே துளைக்குள் மூன்று முறை ஊசி போய் வந்தால்தான் மூலை மூடும். இதைக் கேட்ட ஒரே ஆண் வாசகர் நீங்கள், வாழ்க.

கே: முடித்ததும் இஸ்திரி போடலாமா?

ப: வீடு வேண்டாமென்றால் போடலாம். உருகிவிடும். அழுக்கானால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் வையுங்கள்.

கே: உள்ளே விளக்கு ஏற்றினால் ஜன்னல் வழியே ஒளி வருமே? (வாசகி, புதுச்சேரி)

ப: வரும். பேட்டரியில் எரியும் சின்ன எல்இடி விளக்காக மட்டும் வையுங்கள். மெழுகுவர்த்தி வைத்தால் முதலில் ஒளி வரும், பிறகு தீயணைப்பு வண்டி வரும்.

கே: இந்தக் கலை எங்கிருந்து வந்தது? எண்ணித் தைப்பதே வெள்ளைக்காரர் சமாச்சாரம்தானே? (வாசகி, உதகமண்டலம்)

ப: முதல் கேள்விக்குப் பாதி பதில் பெர்லினில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கட்டம் போட்ட தாளில் பூ வடிவங்களை அச்சிட்டு விற்றார்கள், கம்பளி நூலில் பார்த்துத் தைத்தார்கள். விக்டோரியா காலத்தில் துளையிட்ட அட்டையில் வாசகங்களும் புத்தகக் குறிகளும் தைத்தார்கள். அட்டை கிழியும், நனைந்தால் போச்சு. பிளாஸ்டிக் அந்த இடத்துக்கு வந்தது.

இரண்டாவது கேள்வியை உதகமண்டலத்திலிருந்து கேட்பதுதான் வேடிக்கை. உங்கள் மலையிலேயே தோடர் பெண்கள் வரைபடம் எதுவும் இல்லாமல், வெள்ளைத் துணியின் இழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பிலும் கறுப்பிலும் தைக்கிறார்கள். அது கிராஸ் ஸ்டிச் அல்ல, ஆனால் எண்ணிக்கையில் அவர்களை மிஞ்ச ஆள் தேட வேண்டும். 2013-இல் அந்தத் தையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

கே: முதல்முறை செய்கிறேன். எந்த வீட்டில் தொடங்கலாம்? (வாசகி, விருதுநகர்)

ப: ஓட்டு வீடு வேண்டாம். மொட்டை மாடி வீடு போடுங்கள். நாலு சுவர், மேலே ஒரு சதுரம், சாய்வும் இல்லை, பிதாகரஸும் இல்லை. 7 கவுண்ட் தாள் ஒன்று போதும். 10½ × 13½ அங்குலத் தாளில் 70 × 90 துளை இருக்கும், சின்ன வீட்டுக்கு அது தாராளம். சந்தேகம் வந்தால் எழுதுங்கள். ‘கூரை சேரவில்லை’ என்று மட்டும் எழுதாமல், சுவரின் அகலம், உயரம், கவுண்ட் மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்.