தேடுசொல் இலக்கணம்: காரைக்கால் இயல்

ஆய்வேட்டுக்கு அறிவு தேவை என்பது பழங்கொள்கை. தேடற்பெட்டியில் என்ன அடிப்பதென்று தெரிந்தால் போதும் என்பது நம் கருதுகோள். களம்: காரைக்கால் பாரதியார் சாலையில் ஜெராக்ஸும் பிரவுசிங்கும் சேர்ந்த ஒரு கடை. ஆய்வுக்கு அகப்பட்டவர்: பிரெஞ்சுக்காரர் காலத்து டி.ஆர்.பட்டினம் பற்றித் தகவல் தேடும் ஒரு முதுகலை மாணவர்.

'காரைக்கால்' என்று அடித்தார். லாட்ஜுகள், பஸ் நேரம், மாங்கனித் திருவிழா. 'திருநள்ளாறு' சேர்த்ததும் பன்னிரண்டு ராசிக்கும் பலன் வந்தது. (தேடுபொறிக்கும் ஏழரை உண்டா என்பது தனி ஆய்வுக்குரியது.) பிரெஞ்சு ஏடுகளில் ஊர்ப்பெயர் 'காரிகால்' என்று யாரோ சொல்ல, அதை ஆங்கில எழுத்தில் இட்டார். கல்லணை சகிதம் கரிகால் சோழன் வந்து நின்றான். பிரெஞ்சுக்காரர் தஞ்சை மன்னரிடம் ஊரைப் பெற்றது 1739-இல். சோழனுக்கு இதில் வேலையே இல்லை. ஒரு கழித்தல் குறி போட்டு, ஒட்டினாற்போல் 'சோழா' என்று அடித்ததும் மன்னன் விலகினான்.

டி.ஆர்.பட்டினம் மட்டும் சிக்கவில்லை. திருமலைராயன்பட்டினம் என முழுப்பெயரை மேற்கோள் குறிக்குள் அடைத்தும் பயனில்லை. நம் தேற்றம் பிறந்தது இங்கேதான்: ஏடெழுதியவர் வாயில் ஊர்ப்பெயர் எப்படி நுழைந்ததோ, அப்படித்தான் தேட வேண்டும். பிரெஞ்சு எழுத்தருக்கு இந்தப் பெயர் நுழையவே இல்லை போலும். 'கிராந்த் அல்தே', அதாவது பெரிய கிராமம், என்று முடித்துக்கொண்டார். (அதே வட்டாரத்துக் கோட்டுச்சேரிக்காரர்களிடம் இதைச் சொல்லிக்காட்ட வேண்டாம்.) நெடுங்காடு என்ற ஊர்ப்பெயரின் உகரத்துக்கெல்லாம் 'ஓ'வும் 'யு'வும் ஜோடியாக வரும். திருநள்ளாறு 'திர்நுலார்' ஆகிவிட்டது. 1954-இல் பிரெஞ்சு ஆட்சி போயிற்று. ஏடுகளில் எழுத்துக்கூட்டல் போகவில்லை.

'கிராந்த் அல்தே' என்ற பெயரைப் பிரான்ஸ் தேசிய நூலகத்தின் 'கலிகா' மின்னூலகத்தில் போட்டதும் பக்கங்கள் வரிசைகட்டின. அத்தனையும் பிரெஞ்சு. படித்துச் சொல்ல, பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் வரவழைக்கப்பட்டார். வந்தவர் மாணவரின் ஏட்டைச் சீண்டவில்லை.

"எங்க தாத்தா பேரைப் போடு தம்பி. முத்துசாமி."

போட்டார். ஒன்றும் வரவில்லை.

"அப்படியில்லப்பா. 'மு'வுக்கும் 'து'வுக்கும் ஓ, யு ரெண்டும் போடணும். 'சா'வுக்கு ரெண்டு எஸ்."

கடைக்காரர் அடுத்த மணி நேரத்துக்கும் கணக்கு எழுதிக்கொண்டார்.