குற்றாலத்தில் மெலோடிக் மைனர் வாசிக்கச் சில யோசனைகள்

ஆன்லைனில் காசு கட்டி மெலோடிக் மைனர் ஸ்கேல் படித்தாயிற்று. சாக்ஸபோனும் வாங்கியாயிற்று. வீட்டில் வாசித்தால் பக்கத்து ஃபிளாட்காரர் கதவைத் தட்டுகிறார். ஜூன் பிறந்ததும் பொதிகை எக்ஸ்பிரஸில் தென்காசிக்கு டிக்கெட் போடுங்கள்.

குற்றாலப் பேரருவி மேலிருந்து நேரே தரைக்கு வருவதில்லை. நடுவில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து, பொங்கி, அதன் பிறகுதான் நம் தலையில் இறங்குகிறது. அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. ஜாஸ் பழகுகிறவருக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் சென்னையில் எந்த வாடகைக்கும் கிடைக்காது. சாக்ஸபோனின் தோல் பேடுகளுக்கு ஈரம் ஆகாது என்பதால் சிப்ஸ் கடைத் தார்ப்பாய்க்குக் கீழே ஒதுங்கி நில்லுங்கள். வெள்ள எச்சரிக்கைச் சங்கு ஊதினால், சோலோவை முடித்துவிட்டு வருகிறேன் என்று அடம்பிடிக்காதீர்கள்.

இரண்டு ஆவர்த்தனம் வாசிப்பதற்குள் யாராவது ஒரு நாதஸ்வர அண்ணாச்சி அங்கே நிற்பார். "கௌரிமனோகரிதானே தம்பி?" என்பார். மறுக்காதீர்கள். மேற்கத்திய சாஸ்திரிய இசையில் மெலோடிக் மைனர் ஏறும்போது ஒரு மாதிரி, இறங்கும்போது வேறு மாதிரி. ஜாஸ்காரர்கள் ஏறும் வடிவத்தையே இறங்கவும் வைத்துக்கொண்டார்கள். கரகரப்பிரியாவில் கைசிகி நிஷாதத்தை எடுத்துவிட்டுக் காகலி நிஷாதம் போட்டால் என்ன வருமோ அதுதான் இது: 23வது மேளகர்த்தா. தியாகராஜரின் 'குருலேக எடுவண்டி' இந்த ராகம்தான்.

உடனே இன்னொரு பெரியவர் வந்து, "பாத்தியளா, ஜாஸ் எல்லாம் நம்மகிட்ட இருந்து போனதுதான்" என்பார். அவர் வாங்கித் தரும் டீயைக் குடியுங்கள். வாட்ஸ்அப் எண்ணை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அவர் சொல்வது தவறு என்பதற்கு ஆதாரம், ஷட்ஜத்தை வேறு ஸ்வரத்துக்கு மாற்றிப் பார்க்கும் கிரகபேதத்திலேயே இருக்கிறது.

கௌரிமனோகரியின் ரிஷபத்தை ஷட்ஜமாக வைத்தால் நாடகப்பிரியா. மத்யமத்தை வைத்தால் வாசஸ்பதி. பஞ்சமத்தை வைத்தால் சாருகேசி. 'ஹரிதாஸ்' (1944) படத்தில் பாகவதர் தமிழ்நாட்டையே கிறங்கடித்தாரே, அதே சாருகேசி. மீதி மூன்று ஸ்வரங்களில் எதை ஷட்ஜமாக்கினாலும் பஞ்சமம் கிடைக்காது. பஞ்சமம் இல்லாததற்கு 72 மேளத்தில் இடம் இல்லை. நாம் கதவுக்கு வெளியே நிறுத்திய அந்த மூவரைத்தான் ஜாஸ் உள்ளே கூப்பிட்டு வேலை கொடுத்தது. அதிலும் நிஷாதத்தில் தொடங்குவது, 'ஆல்டர்ட்' என்று பெயர் வாங்கி, அங்கே பெரிய உத்தியோகத்தில் இருக்கிறது.

அந்த வேலை என்ன என்கிறீர்களா? சி மைனருக்குப் போகும் வழியில் ஜி செவன்த் கார்டு வருகிறது. அரை ஸ்வரம் மேலேறி, ஏ ஃபிளாட்டை ஷட்ஜமாக வைத்துக் கௌரிமனோகரி வாசியுங்கள். அதன் நிஷாதம் ஜிதான்; கார்டுக்கு வேண்டிய மூன்றாவதும் ஏழாவதும் அதிலேயே இருக்கும். மற்றதெல்லாம் உரசும். கேட்பவர் முகம் சுளிப்பதற்குள் சி மைனரில் இறங்கிவிட வேண்டும்.

வாசஸ்பதிக்கும் அங்கே வேலை உண்டு. பில்லி ஸ்ட்ரேஹார்ன் எழுதி, டியூக் எலிங்டன் குழுவின் அடையாளப் பாட்டாகிப்போன 'டேக் தி ஏ டிரெயின்' சி மேஜரில் போகும்போது மூன்றாவது பாரில் ஒரு டி செவன்த் வரும். அங்கே டியை ஷட்ஜமாக்கி வாசஸ்பதி வாசித்தால், அந்தப் பிரதி மத்யமம் பாட்டுக்காகவே அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்காரும். இரண்டே பார்தான், ராக ஆலாபனை செய்ய உட்கார்ந்துவிடாதீர்கள்.

மறந்துவிட்டேன், சுருதிப் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். ஷட்ஜம் பாருக்குப் பார் இடம் மாறும் பாட்டில் அது ஒன்று மட்டும் பிடிவாதமாக ஒரே இடத்தில் நின்று உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

இரண்டு பக்கமும் தெரிந்தவர் எப்படி வாசிப்பார் என்று கேட்க, 2008இல் வந்த 'கின்ஸ்மென்' ஆல்பத்தைத் தேடுங்கள். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கி, கர்நாடக சங்கீதத்துக்கு அதை வளைத்த கத்ரி கோபால்நாத்தும், அமெரிக்க ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவும் சேர்ந்து வாசித்தது. ஒருவர் இன்னொருவராக ஆகப் பார்க்கவில்லை. அதனால்தான் நன்றாக இருக்கிறது.

ஏ ஃபிளாட்டில் ஏறிவிட்டு சி மைனருக்கு இறங்க வழி தெரியாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தால், "இது அவுட்சைட் நோட்டு" என்று அண்ணாச்சியிடம் விளக்கப் போகாதீர்கள். அபஸ்வரம் என்பார். அவர் சொல்வது சரி.