பழைய சோற்றில் ஓடிய என்ஜின்

மும்பையின் முலுண்ட் தமிழர் ஞாயிற்றுக்கிழமை கேட்வே ஆஃப் இந்தியா போய் மாண்ட்வாவுக்குப் படகேறினால், அங்கே அவர் தாய்மொழியே காத்திருக்கிறது: ‘கேட்டமரான்’. சோழமண்டலக் கரையில் வழங்கிய சொல்லை 1697இல் வில்லியம் டாம்பியர் தன் பயணநூலில் ஏற்றினார். கடல் கடந்த சொல், கட்டும் மரமும் கழன்று, இரட்டை உடலோடு ஊர் திரும்பியிருக்கிறது.

அசல் கட்டுமரத்துக்கு என்ஜின் இரண்டு கைகள். எரிபொருள் பழைய சோறு.

உல்லாசக் கேட்டமரான் முதலாளிக்கோ 9.9 குதிரைத்திறனில் இரண்டு அவுட்போர்டு என்ஜின் இருந்தும் மனம் ஆறாது; ஒவ்வொன்றின் திறனையும் இருபதாக்க வேண்டும். 1909இல் ஓலே எவின்ரூட் விற்ற அவுட்போர்டின் திறன் வெறும் 1.5. நீரைப் பிளந்து செல்லும் படகில் திறனை இரட்டித்தால் வேகம் இரட்டிக்காது. என்ஜின் கனத்தில் பின்பக்கம் அமிழும். பெட்ரோல் செலவு மட்டும் சொன்ன சொல் தவறாமல் ஏறும்.

முலுண்ட்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். லால் பகதூர் சாஸ்திரி சாலையில் அவர் காரின் நூறு குதிரைகளும் தினமும் ஓர் ஆட்டோவின் பின்னால்தான் நிற்கின்றன.